தொழில்நுட்ப ஆவணத்தில் பெரிய எழுத்து: எங்கே இடுவது, எங்கே விடுவது

ஆங்கிலத்தில் தொழில்நுட்ப ஆவணம் எழுதும் நம்மவர் பலருக்குப் பெரிய எழுத்து ஒரு மரியாதைக் குறியாகவே பழகியிருக்கிறது. அலுவலகக் கடிதங்களில் மேலாளர், துறை, குழு ஆகிய சொற்களின் முதல் எழுத்தைப் பெரிதாக இட்டுப் பழகிய கை, மென்பொருள் கையேட்டிலும் சர்வர், யூசர், டேட்டாபேஸ் என்று எல்லாவற்றுக்கும் அதையே செய்கிறது. படிப்பவரோ, வாக்கியத்தின் நடுவில் பெரிய எழுத்தைக் கண்டதும் அது ஏதோ ஒரு குறிப்பிட்ட பொருளின் பெயர் என்று எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று தேடத் தொடங்குகிறார். ஆகவே பெயருக்கு மட்டும் பெரிய எழுத்தை இடுங்கள். பொதுச்சொல் எத்தனை முக்கியமானதாக இருந்தாலும் சிறிய எழுத்திலேயே இருக்கட்டும்.

பெயர்களை அவற்றின் உரிமையாளர் எழுதும் விதத்திலேயே எழுதுங்கள். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் என்பதில் ஜி, ஹெச் இரண்டும் பெரியவை. ஆப்பிள் கணினிகளின் இயங்குதளமான மேக்ஓஎஸ் என்பதில் முதல் எழுத்தாகிய எம் சிறியது. நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியைப் பற்றிப் பேசும்போது ஜி பெரியது, முனையத்தில் தட்டும் கட்டளையாக எழுதும்போது சிறியது. சில சொற்கள் காலப்போக்கில் பெயர் என்ற நிலையிலிருந்து பொதுச்சொல்லாகிவிடுகின்றன: அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் இன்டர்நெட், வெப் ஆகிய சொற்களை 2016-இல் சிறிய எழுத்துக்கு மாற்றியது.

தலைப்புகளுக்கு இரண்டு முறைகள் உண்டு. முக்கியச் சொல் ஒவ்வொன்றின் முதல் எழுத்தையும் பெரிதாக்குவது டைட்டில் கேஸ். வாக்கியத்தைப் போல முதல் சொல்லையும் பெயர்களையும் மட்டும் பெரிதாக்குவது சென்டென்ஸ் கேஸ். கூகுள், மைக்ரோசாஃப்ட் ஆகிய இரு நிறுவனங்களின் நடைக் கையேடுகளும் இரண்டாவதையே பரிந்துரைக்கின்றன. நானும் அதையே தேர்ந்தெடுப்பேன், ஏனெனில் எல்லாச் சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கும் தலைப்பில் எது பொருளின் பெயர், எது சாதாரணச் சொல் என்று பிரித்தறிய வழியில்லை. முன்னிடைச் சொற்களைப் பெரிதாக்குவதா வேண்டாமா, நான்கு எழுத்துச் சொல்லை என்ன செய்வது என்று குழுவுக்குள் ஓயாமல் எழும் விவாதமும் அத்துடன் முடிந்துவிடும்.

கட்டளை, கோப்பின் பெயர், நிரலில் வரும் சொல் ஆகியவற்றில் நமக்கு எந்த உரிமையும் இல்லை. இயந்திரம் எதிர்பார்க்கும் எழுத்தையே எழுத வேண்டும். பைத்தான் மொழியில் ட்ரூ என்பதன் முதல் எழுத்து பெரியது, தரவைப் பரிமாறும் வடிவமான ஜேசானில் சிறியது. மாற்றி எழுதினால் இரண்டிலும் பிழை. தொலைவிலுள்ள கணினியுடன் இணைக்கும் எஸ்எஸ்ஹெச் கட்டளைக்குப் போர்ட் எண்ணைத் தருவது சிறிய பி (p). கணினிகளுக்கிடையே கோப்பை நகலெடுக்கும் எஸ்சிபி கட்டளையிலோ அதே வேலைக்குப் பெரிய பி (P) வேண்டும், ஏனெனில் சிறிய பி அங்கே கோப்பின் நேரக்குறிகளைப் பாதுகாக்கும் வேறொரு தெரிவு. விண்டோஸ் கணினியில் பெயரின் பெரிய, சிறிய எழுத்து மாறினாலும் திறக்கும் கோப்பு லினக்ஸ் சர்வரில் கிடைக்காமல் போவதும் இதே காரணத்தால்தான். இத்தகைய சொல் வாக்கியத்தின் தொடக்கத்தில் வர நேர்ந்தால், இலக்கணத்துக்காக அதைப் பெரிதாக்க வேண்டாம்; வாக்கியத்தை மாற்றி அமைத்து, சொல்லை உள்ளே கொண்டுசெல்லுங்கள்.

அலகுகளில் இன்னும் கவனம் தேவை. சிறிய எம் மில்லி, பெரிய எம் மெகா; இரண்டுக்கும் நூறு கோடி மடங்கு வேறுபாடு. சிறிய பி (b) பிட், பெரிய பி (B) பைட். வினாடிக்கு 100 மெகாபிட் என்பது 12.5 மெகாபைட் மட்டுமே என்பதால், ஒரு எழுத்து மாறினால் பதிவிறக்க நேரக் கணக்கு எட்டு மடங்கு தவறிவிடும்.

ஒரு சொல்லை முழுவதும் பெரிய எழுத்தில் எழுதி அழுத்தம் தருவதைத் தவிர்த்துவிடுங்கள். அப்படி எழுதிய சொல்லைச் சில திரைவாசிப்பான்கள் எழுத்தெழுத்தாகவும் படிக்கக்கூடும். இதற்கு ஒரு நியாயமான விலக்கு உண்டு. இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஆர்எஃப்சி ஆவணங்களில் மஸ்ட், ஷுட், மே போன்ற சொற்களுக்கான வரையறையை 1997-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 2119 தந்தது. முழுப் பெரிய எழுத்தில் வரும்போது மட்டுமே அந்தச் சிறப்புப் பொருள் உண்டு என்று 2017-இல் ஆர்எஃப்சி 8174 தெளிவுபடுத்தியது. நெறிமுறை எழுதுபவர் அதைப் பின்பற்றலாம். சாதாரணப் பயனர் கையேட்டுக்கு அது வேண்டாம்.

திரையில் உள்ள பொத்தான்களின் பெயரைத் திரையில் காண்பதுபோலவே எழுதித் தடித்த எழுத்தில் காட்டுங்கள். பொத்தான் முழுவதும் பெரிய எழுத்தில் இருந்தால், அது பெரும்பாலும் வடிவமைப்பாளர் இட்ட அலங்காரமே. அங்கே சென்டென்ஸ் கேஸ் போதும். இந்தத் தடித்த எழுத்து தமிழ்க் கையேடுகளில் கூடுதல் பொறுப்பை ஏற்கிறது. நம் எழுத்தில் பெரியது, சிறியது என்ற பாகுபாடு இல்லாததால், “சேமி என்பதை அழுத்தவும்” என்ற வரியில் சேமி என்பது பொத்தானின் பெயர் என்று காட்டத் தடித்த எழுத்தோ மேற்கோள் குறியோ கட்டாயம் தேவை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்து, கையேடு முழுவதும் அதையே பின்பற்றுங்கள்.

முடிவு செய்தவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, பெயர்களின் சரியான வடிவங்களையும் அதிலேயே பட்டியலிடுங்கள். வேல் என்ற திறமூலக் கருவி தலைப்புகளின் எழுத்து முறையைத் தானாகச் சரிபார்க்கும். உங்கள் பெயர்ப்பட்டியலை அதற்கு விலக்குகளாகக் கொடுக்கலாம். பழைய ஆவணங்களின் தலைப்புகளைத் திருத்தும் முன் ஒன்றைச் சோதியுங்கள்: தலைப்பிலிருந்து இணைப்பு முகவரியை உருவாக்கும்போது கிட்ஹப் எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கிவிடுவதால் அங்கே பழைய இணைப்புகள் பிழைத்துக்கொள்ளும், விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருளான மீடியாவிக்கியோ தலைப்பில் உள்ள எழுத்தை அப்படியே வைத்துக்கொள்வதால், ஓர் எழுத்தைச் சிறிதாக்கினாலும் அந்தப் பகுதிக்குப் பிற பக்கங்களிலிருந்து வரும் இணைப்புகளையும் உடன் திருத்தியாக வேண்டும்.