ஸ்கோர் நன்றாக இருந்தும் லோன் ரிஜெக்ட் ஆகிறதா? ஃபிராட் குறி இருக்கிறதா என்று பாருங்கள்

சம்பளம் ஒழுங்காக வருகிறது, சிபில் ஸ்கோரும் 750க்கு மேல், ஆனாலும் "இன்டர்னல் பாலிசி சார், எங்க கையில இல்ல" என்று கிளையில் கைவிரிக்கிறார்களா? உடனே அடுத்த பேங்க், அதற்கடுத்த பேங்க் என்று அப்ளை பண்ணிக்கொண்டே போகாதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் 'கடன் கேட்டார்' என்று கிரெடிட் ரிப்போர்ட்டில் என்கொயரியாகப் பதிவாகி, நல்ல ஸ்கோரையும் கெடுத்துவிடும்.

உங்கள் பெயரில் எங்கோ 'மோசடி சந்தேகம்' என்ற ஃபிராட் குறி விழுந்திருக்கலாம். முதலில் அந்தக் குறியை யார் போட்டது என்று கண்டுபிடியுங்கள், ஏனென்றால் போட்டவர்தான் எடுக்க முடியும். நிராகரித்தால் முக்கியக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதனால் மேனேஜரிடம் மணிக்கணக்கில் பேசுவதைவிட ஒரு மெயில் போடுவது மேல். அதிலேயே, உங்கள் பெயரில் சமர்ப்பித்த விண்ணப்பத்தின் நகலையும் கேளுங்கள். இதைப் பலர் கேட்பதே இல்லை. ஏஜென்ட் மூலம் போன ஃபைல் என்றால் கட்டாயம் கேளுங்கள், ஏனென்றால் கமிஷனுக்காகச் சம்பளத்தை ஏற்றி எழுதுவது, ஆபீஸ் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் தனக்குத் தெரிந்தவர் நம்பரைப் போடுவது எல்லாம் நடக்கிறது, மாட்டுவது கையெழுத்துப் போட்ட நீங்கள்தான். பேங்குகள் ஹண்டர் மாதிரியான மென்பொருளில் பழைய விண்ணப்பங்களோடு புதியதை ஒப்பிட்டுப் பார்க்கின்றன. போன வருடம் ஓரிடத்தில் கொடுத்த விவரமும் இப்போது கொடுப்பதும் இடித்தால் அங்கேயே சந்தேகம் வந்துவிடும், அது ஸ்கோரில் தெரியவே தெரியாது.

நம் ஊர் இனிஷியல் வேறு ஒரு தலைவலி. பான் கார்டில் 'செந்தில் முருகேசன்', ஆதாரில் 'செந்தில் எம்', சம்பள ஸ்லிப்பில் 'எம் செந்தில்குமார்' என்று இருந்தால் மனிதருக்குப் புரியும், கம்ப்யூட்டருக்கு மூன்று ஆட்கள். புதிதாக அப்ளை செய்வதற்கு முன் பான் கார்டையும் ஆதாரையும் ஒரே மாதிரி திருத்திவிடுங்கள்.

அடுத்து கிரெடிட் ரிப்போர்ட். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நம் கடன் விவரங்களைப் பதிந்து வைக்கும் கிரெடிட் நிறுவனங்கள் நான்கு, ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் எடுங்கள். ஸ்கோரைப் பார்த்துவிட்டு மூடிவிடாமல் முகவரி, போன் நம்பர், என்கொயரி பகுதிகளை வரிவரியாகப் படியுங்கள். வேளச்சேரியிலேயே பத்து வருடமாக இருக்கிறவர் பெயரில் கேள்விப்படாத ஊர் முகவரியும், ஏதோ ஒரு ஆப் கொடுத்த 8,000 ரூபாய்க் கடனும் இருந்தால், உங்கள் பான் நம்பரை யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள்.

அப்படி என்றால் 1930க்கு போன் செய்து, சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் பதிந்து, அந்த ரசீதோடு கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் கிரெடிட் நிறுவனத்துக்கும் ஒரே நாளில் எழுதுங்கள். கடன் கொடுத்தவர் ஒப்புக்கொள்ளாமல் சிபில் தானாக எதையும் அழிக்காது, அதனால் ஒருவருக்கு மட்டும் எழுதிவிட்டுக் காத்திருப்பது வீண். உங்கள் புகாரை அவர்கள் 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. 2024 ஏப்ரலில் இருந்து இது நடைமுறையில் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். ரிப்போர்ட்டில் தவறு என்று புகார் (டிஸ்ப்யூட்) போட காசு கிடையாது. "சிபில் கிளியர் பண்ணித் தருகிறோம்" என்று ஐயாயிரம், பத்தாயிரம் கேட்கிறவர்களிடம் பானும் ஓடிபியும் கொடுத்தால் அடுத்த மோசடிக்கு நீங்களே வழி திறந்து விட்டதாக ஆகும்.

30 நாளாகியும் பதில் இல்லை, அல்லது மழுப்பல் பதில் என்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போங்கள். ராஜாஜி சாலை ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்கு அலைய வேண்டாம், அவர்களுடைய புகார் இணையதளமான சிஎம்எஸ்ஸிலேயே கொடுக்கலாம், சந்தேகத்துக்கு 14448க்கு போன் செய்யலாம். அவர் "இவருக்கு லோன் கொடு" என்று உத்தரவு போடமாட்டார், அது பேங்கின் முடிவு. தவறான பதிவு, பதில் தராமல் இழுப்பது, இவற்றைத்தான் கேட்பார்.

குறி நீங்கியதும் "இந்தக் கடன் இவருடையது அல்ல" என்ற கடிதத்தைக் கடன் கொடுத்த நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். சில வாரம் கழித்து ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பார்த்து, சுத்தமாக இருந்தால் ஒரே ஒரு பேங்கில், அந்தக் கடிதத்தையும் இணைத்து அப்ளை செய்யுங்கள்.