பட்டாளத்து மெம்பருக்குப் பாராட்டுக் கூட்டம் போடுறீங்களா?

கொழிஞ்சாம்பாறை பக்கம் நான் மைக்செட் போட ஆரம்பிச்சு 22 வருஷம் ஆச்சு. கல்யாணம், நோம்பி, கட்சிக் கூட்டம், இரங்கல் கூட்டம் எல்லாம் பார்த்தாச்சு. இதுல சுலபம்னு நினைச்சு எல்லாரும் கெடுக்கிறது பாராட்டு விழாவைத்தான். அதுலயும் பட்டாளத்திலிருந்து வந்து பஞ்சாயத்து மெம்பர் ஆனவருக்குப் போடுற விழான்னா கேட்கவே வேண்டாம். மேடையில இருக்கிறவங்களுக்குத் தெரியாது. எந்தப் பேச்சுல ஜனங்க எழுந்து டீக்கடைக்குப் போறாங்கன்னு ஆம்ப்ளிஃபயர் பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரியும். அதை வச்சுத்தான் இதை எழுதுறேன்.

நோட்டீஸ் அடிக்கிறதுக்கு முன்னாடி அவர் வீட்டுக்குப் போங்க. எந்தப் பிரிவு, என்ன வேலை, எந்த ரேங்க்ல வெளிய வந்தார்னு டிஸ்சார்ஜ் புக்கைப் பார்த்து எழுதிக்குங்க. எங்க ஊர்ல ஒருத்தர் ஹவில்தாரா இருந்துட்டு வந்து மெம்பர் ஆனவர். விழாவுல தொகுப்பாளர் பையன் எடுத்த எடுப்பிலேயே "எல்லையில எதிரியை ஓட ஓட விரட்டியவர்"னு ஆரம்பிச்சு, "வீர மதராசி"ன்னு கூட்டத்தைக் கத்த வச்சான். அது மெட்ராஸ் ரெஜிமெண்ட்டோட போர் முழக்கம். அண்ணன் மைக்கை வாங்கி, "தம்பி, நான் மெட்ராஸ் ரெஜிமெண்ட் இல்லீங்க. ஏஎஸ்சி, பட்டாளத்துக்குச் சாமான் கொண்டுபோற பிரிவு. லாரி ஓட்டினேன். மலை மேல இருந்தவனுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் கொண்டுபோய்ச் சேர்த்தேன்"னார். அன்னைக்கு விழுந்த பெரிய கைதட்டல் அதுக்குத்தான். பையன் முகம் தொங்கிப்போச்சு.

ரேங்க் எழுதுற முறையையும் கவனிங்க. ரேங்க் முதல்ல, அப்புறம் பேரு, கடைசியில அடைப்புக்குறிக்குள்ள ஓய்வு. 'ஓய்வு பெற்ற ஹவில்தார்'னு முன்னாடி போட்டா பட்டாளத்துக்காரங்க முகம் சுளிப்பாங்க. ஓய்வு ஆளுக்குத்தான், ரேங்குக்கு இல்லைங்கிறது அவங்க கணக்கு. அரசியல் சாசனத்தோட 18ஆம் பிரிவு அரசு பட்டம் கொடுக்கக் கூடாதுன்னு சொல்லும்போதும் ராணுவ, கல்வித் தகுதிகளை விட்டுவச்சிருக்கு. அதனால ரேங்கைத் தாராளமாப் போடலாம். இல்லாத 'மாவீரன்' எல்லாம் நம்ம சொந்தச் சரக்கு, விட்டுடலாம்.

இப்ப முக்கியமான விஷயம். பேசுறவங்க எல்லாரும் தாங்க பார்க்காத போரைப் பத்தி அரை மணி நேரம் பேசுவாங்க. கண்ணால பார்த்த அஞ்சு வருஷ மெம்பர் வேலையைப் பத்தி ஒரு வரி வராது. நம்ம பாலக்காடு ஜில்லா ஆனக்கரை குடும்பத்து கேப்டன் லட்சுமியை எடுத்துக்குங்க. 1943ல நேதாஜியோட ஜான்சி ராணிப் படையில இருந்தாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். அப்புறம் கான்பூர்ல டாக்டரா இருந்தது, 2002ல அப்துல் கலாமை எதிர்த்து ஜனாதிபதி தேர்தல்ல நின்னதெல்லாம் எத்தனை பேருக்குத் தெரியும்? பி.சி. கந்தூரி ராணுவ இன்ஜினீயரா இருந்து மேஜர் ஜெனரல் வரைக்கும் போனவர். வாஜ்பாய் அரசுல சாலைத்துறை மந்திரியா தங்க நாற்கர ரோட்டு வேலையைப் பார்த்துக்கிட்டவரும் அவர்தான். அவருக்கு விழா எடுக்கிறவன் ரோட்டை விட்டுட்டு வெறும் தொப்பியைப் பத்திப் பேசினா எப்படி?

எங்க மெம்பருக்கு வருவோம். எங்க பக்கம் மழை மறைவுப் பூமி. மூலத்தறைத் தடுப்பணையில ஆழியாத்துத் தண்ணி வந்தா உயிர் வரும். வராத வருஷம் மாசியிலேயே டேங்கர்தான். அண்ணன் மெம்பரா இருந்தப்ப ஒரு நீள நோட்டு வச்சிருந்தார். அட்டையில ஓட்டை போட்டு நூல்ல பால்பாயிண்ட் பேனா கட்டியிருக்கும். தேதி, வண்டி நம்பர், வந்த நேரம், எந்த வீதி, எத்தனை வீடு, டிரைவர் கையெழுத்து. பட்டாளத்துல லாரிக்கு எழுதின பழக்கம் தண்ணி லாரிக்கும் அப்படியே வந்துடுச்சு. மூணு நாளா தண்ணி வரலைன்னு யாராவது சண்டைக்கு வந்தா நோட்டை விரிப்பார். அவங்க சொன்னது சரியா இருந்தா அன்னைக்கே முதல் வண்டி அந்த வீதிக்கு. மேடையில வைக்க வேண்டியது அந்த நோட்டு. அதை விட்டுட்டு பீரங்கிப் படம் போட்டு பேனர் அடிச்சாங்க. டிசைன் பண்ணின பையன் நெட்ல எடுத்த சிப்பாய் படத்துல தோள்ல அமெரிக்கக் கொடி இருந்துச்சு. சாயங்காலம் வரைக்கும் யாரும் கவனிக்கலை. இருட்டுன அப்புறம் என் ஃபோகஸ் லைட் நேரா அந்தத் தோள் மேல விழுந்துச்சு!

இந்த மாதிரி விவரம் எங்க கிடைக்கும்னா, கேரளாவில கிராமசபை வார்டுக்கு வார்டு நடக்குது, மெம்பர்தான் கூட்டுறவர். பழைய மினிட்ஸைப் பாருங்க. அப்புறம் அவர்கிட்ட தோத்தவரைப் போய்ப் பாருங்க. அவரையே முதல்ல பேசக் கூப்பிடுங்க. எங்க விழாவுல அவர் நாலு நிமிஷம்தான் பேசினார், ஆனா ஒருத்தரும் டீக்குப் போகலை. கட்சிக்கொடி மேடைக்கு வராம இருக்கவும் இதுதான் வழி.

தேதி விஷயத்துல உஷாரா இருங்க. ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம், ராணுவத்தோட முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பா 1953ல ஓய்வு பெற்ற நாள். டிசம்பர் 7 கொடி நாள். ரெண்டுமே பொருத்தம். தேர்தல் தேதி அறிவிச்சாச்சுன்னா விழாவைத் தள்ளிப் போடுங்க. அவர் திரும்பவும் நிக்கிறார்னா யூனிஃபார்ம் படம் வேண்டவே வேண்டாம். ராணுவத்தினர் படத்தைப் பிரச்சாரத்துல பயன்படுத்தாதீங்கன்னு தேர்தல் ஆணையம் 2013லயும் 2019லயும் கட்சிகளுக்குச் சொல்லியிருக்கு.

தேசியக்கொடி இருந்தா பேசுறவரோட வலது கைப்பக்கம் நடுங்க. மேசை விரிப்பாவும், படத்திறப்புக்கு மூடுற துணியாவும் கொடியைப் போடக் கூடாது, கொடிச் சட்டத்துலயே இருக்கு. நோட்டீஸ்ல சிங்க முத்திரையும் கூடாது. மெடல் இருந்தா அவரே சட்டையோட இடது பக்கம் குத்திக்குவார். இறந்தவரோட மெடலை மனைவியோ பிள்ளையோ குத்தினா வலது பக்கம். பழைய யூனிஃபார்மைப் போட்டுட்டு வரச் சொல்லித் தொல்லை பண்ணாதீங்க, இடுப்பு ஒத்துக்காது.

என் தொழில் சம்பந்தமா ரெண்டு மூணு. பீரங்கிப் படையில இருந்தவங்களுக்குக் காது மந்தமா இருக்கலாம். எந்தக் காது நல்லா கேட்கும்னு கேட்டு அந்தப் பக்கம் மனைவியை உட்கார வைங்க, பாக்ஸைத் தள்ளி வைங்க. சொல்லாம கதினா வெடி வைக்காதீங்க. ஒரு பெரியவர் கைத்தடியோட கீழ குனிஞ்சதைப் பார்த்திருக்கேன், அதுக்கப்புறம் எவ்வளவு பொன்னாடை போர்த்தினாலும் அவருக்கு முகம் தெளியலை.

தேசிய கீதத்தைப் போன்ல நெட்டுல ஓட விடாதீங்க. இது என் தப்புதான், ஒத்துக்கிறேன். எல்லாரும் எழுந்து நிக்கிறாங்க, நான் பட்டனைத் தட்டினேன், ஸ்பீக்கர்ல கேட்டது முட்டிவலித் தைல விளம்பரம். பட்டாளத்து அண்ணன் மட்டும் ஆடாம அசையாம அட்டென்ஷன்ல நின்னார். அதுலேருந்து கீதத்தைப் பென்டிரைவ்ல போட்டுத் தனியா வச்சிருக்கேன். 52 செகண்ட், முழுசா. போனை ஃப்ளைட் மோடுல போட்டு மடியில கட்டிக்குவேன்.

பொன்னாடை ஒண்ணு போதும். அவர் மனைவியை மேடைக்குக் கூப்பிடும்போது அவங்க பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. எங்க அண்ணன் லீவுல வந்தது வருஷத்துக்கு ரெண்டு மாசம், மீதி பத்து மாசமும் அந்த வீட்டை ஓட்டினது யாருங்க?

ஆறு மணின்னு நோட்டீஸ் அடிச்சா ஆறுக்கு ஆரம்பிங்க. எம்எல்ஏ வரட்டும்னு ஏழரை வரைக்கும் பாட்டுப் போடச் சொல்லாதீங்க. விழா நாயகர் அஞ்சே முக்காலுக்கே முதல் வரிசையில வந்து உட்கார்ந்திருப்பார், நாங்க ஒயர் இழுக்கிறதைப் பார்த்துக்கிட்டு.