கார் ஏசி ஃபேன் மக்கர் செய்தால் உடனே கேஸ் அடிக்காதீர்கள்

கத்திரி வெயிலில் ஒரு மதியம், என் பழைய காரின் ஏசி ஃபேன் ஒன்று, இரண்டு, மூன்று எந்த நம்பரில் வைத்தாலும் அசையவில்லை. நாலில் வைத்தால் மட்டும் புயல் மாதிரி அடித்தது. வழியில் இருந்த ஒரு கடையில் நிறுத்தினேன். டாஷ்போர்டைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "கேஸ் கம்மியா இருக்கும் சார்" என்றார்கள். அடித்தார்கள். பணம் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தால், ஃபேன் அப்போதும் நாலில் மட்டும்தான் ஓடியது. சுற்றாத ஃபேனுக்கும் கேஸுக்கும் என்ன சம்பந்தம் என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும். வெயிலில் எனக்கும் மூளை ஓடவில்லை.

ஏசி சம்பந்தப்பட்ட எந்தக் கோளாறுக்கும் கேஸ்தான் மருந்து என்ற நினைப்பு நம்மிடமும் இருக்கிறது, கடைக்காரர்களிடமும் இருக்கிறது. முதல் தவறு அதுதான். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோவதில்லை. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. கேஸ் சரியாக இருக்கும்போது மேலும் ஏற்றினால் பிரஷர் எகிறும். குளிர்ச்சி குறையும், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸருக்கும் கெடுதல்.

அடுத்தது, எந்த ஃபேன் என்று தெரியாமலே "ஃபேன் போச்சு" என்று சொல்வது. ஏசிக்கு வேலை செய்யும் ஃபேன்கள் இரண்டு. டாஷ்போர்டுக்குள், பெரும்பாலான கார்களில் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருப்பது ப்ளோயர். கூலிங் காயில் வழியாகக் காற்றைத் தள்ளி நம் முகத்தில் அடிப்பது இதுதான். இன்னொன்று பானெட்டுக்குள், கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்சரைக் குளிர வைக்கும் ஃபேன். சில கார்களில் ரேடியேட்டர் ஃபேனே இந்த வேலையையும் பார்த்துக்கொள்ளும், சிலவற்றில் தனியாக இருக்கும்.

காற்றே வரவில்லை, அல்லது சில நம்பர்களில் மட்டும் வருகிறது என்றால் ப்ளோயர் பக்கம் பாருங்கள். காற்று நன்றாக வருகிறது, பைபாஸில் போகும்போது ஜில்லென்று இருக்கிறது, சிக்னலில் நின்றதும் அனல் காற்றாகிவிடுகிறது என்றால் சந்தேகம் கண்டென்சர் ஃபேன் மேல்தான். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே கண்டென்சரைக் குளிர்விக்கிறது. நின்றால் ஃபேனைத் தவிர வேறு கதியில்லை. கூடவே எஞ்சின் டெம்பரேச்சர் முள்ளும் ஏறினால் வண்டியை ஓரம் கட்டிவிடுங்கள்; அது ஏசிப் பிரச்சினையோடு நிற்காது.

இதில் ஒரு குழப்பமும் உண்டு. கேஸ் நிஜமாகவே தீர்ந்துபோயிருந்தால், கேஸின் அழுத்தத்தைக் கவனிக்கும் பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரஸரைத் தடுத்துவிடும். பல கார்களில் அப்போது கண்டென்சர் ஃபேனும் ஏசிக்காகச் சுற்றாது. ஃபேன் நன்றாகத்தான் இருக்கும், அதற்கு உத்தரவு வந்திருக்காது. அதைப் பார்த்துவிட்டு ஃபேன் மோட்டாரை மாற்றியவர்களும் இருக்கிறார்கள்.

சரி, என் காருக்கு வருகிறேன். நாலில் மட்டும் ஓடுகிறது என்பதே பாதி விடை. சாதாரண கைத்திருகு ஏசி உள்ள கார்களில் ப்ளோயரின் வேகத்தைக் குறைப்பது ரெசிஸ்டர் என்ற சின்னப் பொருள். ஒன்று, இரண்டு, மூன்று நம்பர்களில் கரண்ட் அதன் வழியாகப் போகிறது; நாலில் அதைத் தொடாமல் நேராக மோட்டாருக்குப் போகிறது. ஆகவே நாலில் ஓடினால் மோட்டாருக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். அப்படியும் "மோட்டார் மாத்தணும்" என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள். பிறகு நான் போன எலெக்ட்ரீஷியன், முன் சீட்டின் கால் வைக்கும் இடத்தில் தலையை நுழைத்து, இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி ரெசிஸ்டரை வெளியே எடுத்தார். கம்பிச் சுருளில் ஒன்று அறுந்து கருகியிருந்தது.

ஆனால் அவர் உடனே புதியதைப் போடவில்லை. பலரும் சறுக்கும் இடம் இதுதான். ரெசிஸ்டர் வேலை செய்யும்போது கொதிக்கும். அதனால்தான் அதை ப்ளோயர் காற்று படும் இடத்திலேயே வைத்திருக்கிறார்கள். கேபின் ஃபில்டர் அடைத்துக் காற்று குறைந்தாலோ, மோட்டார் இறுகிப்போய் அதிகக் கரண்ட் இழுத்தாலோ ரெசிஸ்டர் வெந்துவிடும். காரணத்தை விட்டுவிட்டு ரெசிஸ்டரை மட்டும் மாற்றினால், புதியதும் அதே வழியில் போகும். என் காரில் ஃபில்டரை உருவியதும் ஒரு கைப்பிடி வேப்பிலைச் சருகும், எலி கடித்துக் குவித்த பஞ்சும் மடியில் கொட்டின. வேப்பமரத்தடியில் நிறுத்தும் சுகத்துக்கு இது வாடகை போலும். ப்ளோயர் விசிறியைக் கையால் சுற்றிவிட்டுப் பார்த்தார், தடையில்லாமல் சுற்றி மெதுவாக நின்றது. அப்புறம்தான் புது ரெசிஸ்டரின் உறையைப் பிரித்தார்.

ஆட்டோமேட்டிக் ஏசி உள்ள கார்களில் இந்த நாலாம் நம்பர் கணக்கு செல்லாது. அங்கே ரெசிஸ்டருக்குப் பதிலாக டிரான்சிஸ்டர் வைத்த மாட்யூல் இருக்கும்.

எந்த நம்பரிலுமே ஓடவில்லை என்றால் முதலில் ஃப்யூஸ். ஃப்யூஸ் போயிருந்தால் இன்னும் கொஞ்சம் பெரியதாகப் போட்டுவிடுவது நம் ஊரில் சர்வசாதாரணம். சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளைச் சுற்றிச் சொருகியதைக்கூடப் பார்த்திருக்கிறேன். ஃப்யூஸ் அளவை நிர்ணயிப்பது அந்த ஒயரின் தாங்கு சக்தியை வைத்து. 20 ஆம்பியர் மஞ்சள் இருந்த இடத்தில் 30 ஆம்பியர் பச்சையைப் போட்டால், அடுத்த முறை எரிவது ஃப்யூஸ் அல்ல, டாஷ்போர்டுக்குப் பின்னால் ஓடும் ஒயர். அதே அளவில் புதியது போட்டும் உடனே போகிறதா? மோட்டார் இறுகியிருக்கிறது அல்லது எங்கோ ஒயர் ஷார்ட் ஆகிறது. மூன்றாவது ஃப்யூஸைத் தேடாதீர்கள்.

ஃப்யூஸ் சரி, மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் ஸ்விட்சான ரிலே சரி, மோட்டார் வரை 12 வோல்ட் வருகிறது, எர்த்தும் சரி, ஆனாலும் சுற்றவில்லை. அப்போது ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் மோட்டாரின் மேல் லேசாகத் தட்டிப் பாருங்கள். உயிர் வந்து சுற்றினால் பெரும்பாலும் உள்ளே சுற்றும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் துண்டு தேய்ந்திருக்கும். "தட்டினா ஓடுதே, போதும்" என்று விட்டவர்கள் நடுவழியில் வியர்த்து நிற்பார்கள். துரு நீக்கும் ஸ்ப்ரேயை மோட்டாருக்குள் அடிப்பதும் வேண்டாம். எண்ணெய்ப் பசையில் கார்பன் தூள் ஒட்டிக்கொண்டு இன்னும் மோசமாகும்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. சாதாரண மீட்டர்கள் 10 ஆம்பியர் வரைதான் தாங்கும். ப்ளோயர் முழு வேகத்தில் அதைத் தாண்டி இழுக்கக்கூடும். வோல்ட் பாருங்கள், ஆம்பியர் பார்க்க, ஒயரை வெளியே கவ்விப் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீட்டர்தான் சரி. குளோவ் பாக்ஸ் பக்கத்தில் மஞ்சள் நிறக் கப்ளரோ (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகி) ஒயரோ இருந்தால் அதில் மீட்டர் முனையை வைக்காதீர்கள். அது ஏர்பேக்கினுடையது.

கப்ளர் உருகிப்போவதும் இந்தக் கோளாறோடு ஒட்டிப்பிறந்தது. ஒரு பின் மட்டும் பழுப்பேறி, பிளாஸ்டிக் உப்பியிருக்கும். அதை வெட்டி எறிந்துவிட்டு ஒயரை முறுக்கி டேப் சுற்றுவார்கள். முறுக்கிய இடம் தளர்ந்தால் அங்கேயே மறுபடி சூடாகும். அதே கனமுள்ள ஒயரோடு புதுக் கப்ளர் போடச் சொல்லுங்கள். சாலையோரத்தில் "டைரக்ட் கொடுத்தாச்சு" என்று கண்டென்சர் ஃபேனை நேராக இணைத்துவிடுவதும் அப்படித்தான். வீடு சேர ஒரு நாளைக்குச் சரி, அதற்கு மேல் வேண்டாம். அவசரத்தில் ப்ளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்துவிட்டால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றும். ஓடுகிற சத்தம் கேட்கும், காற்று மட்டும் சோகையாக வரும். காரணம் புரியாமல் மண்டையைப் பிய்த்துக்கொள்வோம்.

ஃபேன்மேல் வீண் பழி விழும் சமயமும் உண்டு. கிளம்பும்போது நல்ல காற்று, ஒரு மணி நேரம் ஓடியதும் சத்தம் மட்டும், காற்று இல்லை. ஏசியை அணைத்துக் கால் மணி நேரம் விட்டால் பழையபடி வருகிறது. இது கூலிங் காயிலில் பனி கட்டி வழி அடைத்துக்கொள்வது. பார்க்க வேண்டியது காயிலின் குளிர் சென்சார், ஃபில்டர், கேஸ் அளவு. பாருங்கள், இங்கே கேஸ் நிஜமாகவே காரணமாக இருக்கலாம்.

பானெட்டைத் திறந்து கை வைப்பவர்கள் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள். சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் திடீரென்று சுற்றும் கார்கள் உண்டு. அது விரலைக் கண்டு நிற்காது.

கடையிலிருந்து வண்டியை எடுக்கும் முன் கழற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பிறகு நாலு நம்பரையும் ஒவ்வொன்றாகப் போட்டு, கடைசியில் பத்து நிமிடம் நாலிலேயே ஓடவிட்டு, மோட்டார் கப்ளரைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு என்றால் பரவாயில்லை. விரல் வைக்க முடியாத சூடு என்றால் வேலை இன்னும் முடியவில்லை, வண்டியை அங்கேயே விடுங்கள்.