முள்ளங்கி உள்ளே பஞ்சாவது ஏன்? கடலூர், புதுச்சேரி தோட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர், பாகூர் பக்கம் மார்கழி, தை மாதங்களில் முள்ளங்கி அருமையாக வரும். அதே விதையைப் பங்குனியில் போட்டு, பறித்து வெட்டிப் பார்த்தால் வெளியே பளபளவென்று இருக்கும். நடுவில் மாட்டுப் பொங்கல் மாலைக்கு வாங்கும் நெட்டி போல வெறும் காற்று. மண் சரியில்லை, தண்ணீரில் உப்பு என்றுதான் முதலில் சொல்வோம். பெரும்பாலும் காரணம் மண் இல்லை. ரகமும் பறித்த நாளும்தான்.

கிழங்கில் நாம் சாப்பிடும் சதையில் பெரும்பகுதி மெல்லிய சுவர் கொண்ட செல்கள். அவற்றில் தண்ணீரும் சர்க்கரையும் நிறைந்திருக்கும். கிழங்கு பருக்கும் வேகத்துக்கு இலை சர்க்கரை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வரத்து குறைந்தால் உட்புறச் செல்கள் காலியாகி, அங்கே காற்று புகும். குறுக்காக வெட்டினால் முதலில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும், அப்புறம் திட்டு, கடைசியில் பொந்து. ஒருமுறை காலியான செல் திரும்ப நிரம்பாது. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பயனில்லை.

எனவே, சீக்கிரம் பருக்கும் ரகம் சீக்கிரமே பஞ்சாகும். உருண்டைச் சிவப்பு முள்ளங்கி 25 முதல் 30 நாளில் தயார். பிரெஞ்சுக்காரர்கள் வெண்ணெயும் உப்பும் தொட்டுப் பச்சையாகச் சாப்பிடுவது இந்தச் சின்ன ரகங்களைத்தான். அதை நம் நீள வெள்ளை முள்ளங்கி மாதிரி ‘இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும்’ என்று விடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. பூசா சேத்கி 40–45 நாள், அர்கா நிஷாந்த் 50–55 நாள். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா நிஷாந்த், பஞ்சாவதைத் தாங்கும் ரகம். பூசா சேத்கி வெயில் காலத்துக்கென்றே வந்தது. விதை வாங்கும்போது ரகப் பெயரையும் நாளையும் கேட்காமல் வாங்காதீர்கள். ‘முள்ளங்கி விதை’ என்று மட்டும் எழுதிய பாக்கெட்டை நான் வாங்க மாட்டேன்.

அடுத்தது வெயில். கடலோரத்தில் கோடை இரவும் புழுக்கமாகவே இருக்கும். பகலில் சேர்த்த சர்க்கரையைச் செடி இரவில் மூச்சுவிட்டே செலவழித்துவிடும். குளிர்கால ரகங்களை மாசிக்குப் பிறகு விதைக்கவே வேண்டாம்.

யூரியாவை அள்ளிப் போடுவதும், செடிக்குச் செடி அதிக இடம் விடுவதும் இதே கோளாறில்தான் முடியும். இரண்டுமே கிழங்கை அவசரமாகப் பருக்க வைக்கும். நீள ரகத்துக்கு 10 சென்டிமீட்டர், சிறியதுக்கு 5 சென்டிமீட்டர் இடைவெளி போதும். காயப்போட்டுவிட்டு ஒரேயடியாகத் தண்ணீர் பாய்ச்சினால் கிழங்கு வெடிக்கவும் செய்யும்.

பூத்தண்டு கிளம்பிய செடியில் கிழங்கை எதிர்பார்க்காதீர்கள். சேர்த்து வைத்த உணவெல்லாம் மேலே போய்விடும். பிஞ்சுக் காய்களைப் பறித்துப் பொரியல் செய்யலாம், அவ்வளவுதான்.

சரி, பறிக்காமலேயே எப்படித் தெரிந்துகொள்வது? வெளிப்பக்கத்து முதிர்ந்த இலை ஒன்றைக் கிழங்கிலிருந்து இரண்டு, மூன்று சென்டிமீட்டர் மேலே காம்போடு வெட்டிப் பாருங்கள். காம்பு உள்ளே பச்சையாக, ஈரமாக, கெட்டியாக இருந்தால் கிழங்கும் நன்றாக இருக்கும். நடுவில் வெண்மையாகப் பஞ்சு தெரிந்தாலோ ஓட்டை இருந்தாலோ கிழங்கிலும் தொடங்கிவிட்டது. அன்றைக்கே பாத்தி முழுவதையும் பறித்துவிடுங்கள். கடையில் வாங்கும்போதும் இலை இருந்தால் இதே சோதனையைச் செய்யலாம். இலை இல்லையா, கையில் எடை போட்டுப் பாருங்கள். பருமனுக்கு ஏற்ற கனம் இல்லாததை எடுக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் இலையைக் கிள்ளித் தனியே வையுங்கள். இலையோடு வைத்தால் அது கிழங்கின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கிழங்கை ஈரத்துணியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, கீரையை அன்றைக்கே பருப்பு போட்டுக் கூட்டாக்கிவிடலாம்.