வாசல் கதவருகே காத்திருக்கும் பூனை

வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை வெளியே நழுவுவதற்குக் கதவு அகலத் திறந்திருக்க வேண்டியதில்லை. இரு கைகளிலும் பைகளோடு ஒருவர் தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு நுழையும்போது, அவருடைய காலுக்கும் நிலைக்கும் இடையில் கிடைக்கும் ஒரு சாண் இடைவெளி அதற்குத் தாராளம். இப்படி ஓடும் பூனையை அடங்காத பூனை என்று பலர் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். அந்தக் கதவின்மேல் அதற்கு ஆசையை ஊட்டியவர்கள் பெரும்பாலும் நாம்தான் என்பது என் கருத்து.

மாலையில் வீடு திரும்பும் காட்சியை நினைத்துப் பாருங்கள். மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியையே கேட்கும்; பூனையின் காது 60,000 ஹெர்ட்ஸையும் தாண்டிக் கேட்கும். நம் காலடியையும் சாவிக்கொத்தின் மெல்லிய கிணுகிணுப்பையும் தொலைவிலேயே அடையாளம் கண்டுகொண்டு, நாம் பூட்டைத் திறப்பதற்குள் அது கதவருகே வந்து நின்றுவிடுகிறது. நாமோ பாதிக் கதவு திறந்திருக்கும்போதே குனிந்து தடவிக் கொடுத்துக் கொஞ்சுகிறோம். நாளெல்லாம் தனியே இருந்த பூனைக்கு அதைவிடப் பெரிய பரிசு வேறில்லை. ஆகவே முதலில் மாற்ற வேண்டியது நம் பழக்கம். உள்ளே வந்து, கதவைச் சாத்தித் தாழிட்டு, வீட்டின் உட்பகுதியில் நீங்கள் தேர்ந்தெடுத்த ஓரிடத்துக்கு நடந்துபோன பிறகே பூனையிடம் பேசுங்கள். அதுவரை முகம் கொடுக்க வேண்டாம். புறப்படும்போதும் வாசலில் நின்று விடைபெறாதீர்கள். வீட்டில் உள்ள அனைவரும் இதைக் கடைப்பிடிக்க வேண்டும். ஒருவர் மட்டும் விதிவிலக்கானால் மற்றவர்களின் உழைப்பு வீணாகிவிடும்.

அடுத்தது, கதவு திறக்கும் நேரத்தில் பூனை இருக்க வேண்டிய இடத்தைப் பழக்குவது. கதவிலிருந்து இரண்டு மூன்று மீட்டராவது தள்ளி, சற்று உயரமான முக்காலியோ அலமாரித் தட்டோ இதற்கு ஏற்றது. பூனை அதன்மேல் ஏறியதும் அதற்கு மிகவும் பிடித்த தின்பண்டத்தில் ஒரு துணுக்கைக் கொடுங்கள். ஏறுவது வழக்கமானபின், அது அங்கே அமர்ந்திருக்கையில் நீங்கள் கதவுவரை சென்று கைப்பிடியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து கொடுங்கள். பிறகு தாழ்ப்பாளை நீக்கும் ஓசை, அதன் பிறகு ஓர் அங்குலம் மட்டும் திறந்து மூடுவது, பின்பு நீங்கள் வெளியே போய் உடனே உள்ளே வருவது என்று படிப்படியாக முன்னேறலாம். கதவு உண்மையாகவே திறக்கும் கட்டம் வந்ததும், ஒருவர் பூனையின் அருகில் இருக்க, இன்னொருவர் கதவை இயக்குவது பாதுகாப்பானது. ஒரு முறைக்கு இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் நீட்டிக்காதீர்கள். பூனைக்குச் சலிப்பு தட்டிவிட்டால் அன்றைய பாடம் முடிந்தது. நடுவில் அது கீழே குதித்தால் திட்டாமல், முந்தைய படிக்குத் திரும்பிவிடுங்கள்.

தின்பண்டத்தைப் பயன்படுத்துவதில் பலர் அறியாமல் செய்யும் தவறு ஒன்று உண்டு. பூனை கதவருகே வந்து நின்றபின் அதை விலக்குவதற்காகத் தின்பண்டத்தைத் தூர எறிகிறார்கள். கதவருகே வந்தால் தின்னக் கிடைக்கும் என்ற கணக்கை அது இரண்டே நாளில் போட்டுவிடும். எறிவதானால், அது கதவை நோக்கி வருவதற்கு முன்பே, எதிர்த்திசையில் எறிய வேண்டும்.

நீர் பீய்ச்சுவது, அதட்டுவது, கதவருகே தட்டுமுட்டுகளை உருட்டி ஓசை எழுப்புவது ஆகியவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். இவற்றால் பூனைக்குக் கதவின்மேல் அல்ல, பீய்ச்சும் கையின்மேல்தான் அச்சம் பிறக்கிறது. எலுமிச்சை எண்ணெய், தேயிலை மர எண்ணெய் போன்றவற்றை வாசலில் தெளிப்பது இதைவிட மோசம். அவற்றில் உள்ள சில வேதிப்பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. பாதத்தில் ஒட்டியதை அது நக்கும்போது நஞ்சு உள்ளே போய்விடும்.

பயிற்சி பலன் தருவதற்குச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை ஒருமுறைகூடத் தப்பவிடாமல் இருப்பது முக்கியம். பத்து முறை முயன்று ஒருமுறை வெளியே போக முடிந்தாலும், அந்த ஒன்றின் நினைவிலேயே பூனை நூறு முறை முயலும். முன்கதவுக்கு வெளியே கம்பி வலைக் கதவு இருந்தாலோ, வாசலுக்கும் கூடத்துக்கும் இடையே இன்னொரு கதவு இருந்தாலோ, இரண்டில் ஒன்று எப்போதும் மூடியிருக்கட்டும். குழந்தைகளுக்காகப் போடும் தாழ்வான தடுப்பு பூனைக்குத் தடையே அல்ல. வேறு வழி இல்லாத வீட்டில், கதவைச் சிறிதளவே திறந்து, பையைத் தரையோடு ஒட்டினாற்போல் முன்னால் நீட்டியபடி பக்கவாட்டில் நுழைவது ஓரளவு உதவும். விருந்தினர் வரும் நாளிலும், பழுது பார்ப்பவர்கள் பொருள்களை ஏற்றி இறக்கும் நாளிலும் பயிற்சியை நம்பாதீர்கள். தண்ணீரும் மணல் தட்டும் வைத்த அறையில் பூனையை விட்டுச் சாத்தி, அந்தக் கதவில் ‘திறக்க வேண்டாம்’ என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

வெளியே ஓடத் தூண்டும் காரணத்தையும் கவனிக்க வேண்டும். கருத்தடை செய்யப்படாத பெட்டைப் பூனை நான்கு மாத வயதிலேயே இணைவேட்கை கொள்ளக்கூடும். இணை சேராவிட்டால் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை அது திரும்பத் திரும்ப வரும். அந்த மணத்தையும் குரலையும் அறிந்த கடுவன் பூனையை முக்காலியும் தின்பண்டமும் கட்டிப்போடாது. கால்நடை மருத்துவரைக் கலந்து உரிய வயதில் அறுவை செய்துவிடுவதே வழி. கடுவனின் உடலில் பழைய ஹார்மோன் அடங்க, அறுவைக்குப் பிறகும் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால் உடனடி மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

வெறும் சலிப்பினால் ஓடும் பூனைக்கு மருந்து விளையாட்டு. பூனைகள் விடியலிலும் அந்தி நேரத்திலும் துடிப்பாக இருப்பவை. வீட்டார் வந்துபோகும் நேரமும் பெரும்பாலும் அதுவே. எனவே காலையில் கிளம்புவதற்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம் இறகுக் குச்சியைத் துரத்தவிட்டு, உடனே உணவு கொடுங்கள். வேட்டை, உணவு, உறக்கம் என்ற வரிசை அதன் இயல்பிலேயே உள்ளது. வெளியே பார்ப்பதற்கு வலையிட்ட சன்னலோரத்தில் ஒரு மேடையும் அமைத்துக் கொடுங்கள். மார்புப் பட்டை மாட்டி உலவ அழைத்துச் செல்பவர்கள், பூனையைக் கூடையில் வைத்தே வாசலைக் கடப்பது நல்லது. தன் காலாலேயே அந்த நிலைப்படியைத் தாண்டிய பூனை மறுநாளும் தாண்டத்தான் பார்க்கும்.

இத்தனைக்கும் பிறகு ஒருநாள் அது போய்விடலாம். அரிசி மணி அளவுள்ள, அடையாள எண் கொண்ட மைக்ரோசிப்பைத் தோலுக்கடியில் முன்பே பொருத்திப் பதிவு செய்திருந்தால், கண்டெடுப்பவர் மருத்துவரிடம் கொண்டுபோகும்போது உங்கள் விவரம் கிடைக்கும். ஆனால் அது இருக்கும் இடத்தைக் காட்டும் கருவியல்ல. பதிவேட்டில் உங்கள் தொலைபேசி எண் பழையதாக இருந்தால் சிப் இருந்தும் பயனில்லை. கழுத்துப்பட்டை அணிவித்தால், எதிலாவது மாட்டி இழுபட்டதும் தானே கழன்றுவிடும் வகையாக இருக்கட்டும்.

ஓடிய பூனையைத் துரத்தாதீர்கள். துரத்தினால் அது இன்னும் தூரம் போகும். வீட்டுப் பூனை பெரும்பாலும் அஞ்சி, பக்கத்திலேயே வண்டிக்கடியிலோ படிக்கட்டின் கீழோ புதரிலோ ஒடுங்கிக் கிடக்கும். தொலைந்துபோன ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூனைகளைப் பற்றி 2018ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், கண்டுபிடிக்கப்பட்டவற்றில் முக்கால் பங்கு புறப்பட்ட இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே கிடைத்தன. எனவே முதலில் அக்கம்பக்கத்து வீடுகளின் இண்டு இடுக்குகளைத் தேடுங்கள். பெயரைச் சொல்லி அழைத்தாலும் பயத்தில் அது குரல் கொடுக்காமல் இருக்கலாம். ஊர் அடங்கியபின், கைவிளக்கைக் கண் மட்டத்தில் பிடித்து இருளில் ஒளியைச் செலுத்தினால் அதன் கண்கள் பளிச்சிட்டுக் காட்டிக்கொடுக்கும். கண்டதும் பாயாமல் தரையில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் பேசி, தீனிப் பெட்டியைக் குலுக்குங்கள். தானாகவே வீட்டுக்குள் வந்தால், உணவுத் தட்டை அடையும்வரை பொறுத்திருந்து, ஓசையின்றிக் கதவைச் சாத்துங்கள்.

மறுநாள் முதல் அது முன்னைவிட ஆர்வத்தோடு கதவருகே வந்து நிற்கும். கைப்பிடியைத் தொட்டுவிட்டுத் திரும்பும் முதல் படியிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியதுதான்.