சேமியா குழையாமல் இருக்க, பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள்

கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் விரத நாள் ராத்திரி என்றால் ரவை உப்புமா, இல்லையென்றால் சேமியா உப்புமா. அந்தச் சேமியா களி மாதிரி ஆகிவிட்டால் பழி சமைத்தவர் தலையில்தான் விழும். பல சமயம் குற்றம் மாவில் இருக்கும்.

அடுத்த முறை வாங்கும்போது, சேர்மானத்தில் மைதாவா, டியூரம் கோதுமை ரவையா என்று பாருங்கள். டியூரம் மணி கெட்டியானது, உள்ளே இளமஞ்சள். அரைத்தால் எளிதில் மாவாகாமல் ரவையாக உடையும், புரதமும் அதிகம். அதனால்தான் வெந்த பிறகும் இழை இழையாக நிற்கிறது, பாஸ்தாவுக்கும் இதுதான். மைதா சேமியா என்றால் நெய்யில் நன்றாகச் சிவக்க வறுத்து, தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து விடுங்கள்.

சப்பாத்திக்கு டியூரம் அவ்வளவு சரிவராது. நம் டெல்டா வயலில் இதைத் தேட வேண்டாம். குளிர் கேட்கிற பயிர், மத்தியப் பிரதேசம், குஜராத் பக்கம் விளைவது.

அப்புறம், கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதுவும் ஆகாது. இதிலும் குளூட்டன் என்கிற கோதுமைப் புரதம் உண்டு.