மொரிசியஸ் கிராமத்தில் விருந்தினர் இல்லம்: வருமானம் ஊரிலேயே தங்குவதற்கான வழிமுறை

ஐரோப்பிய ஒன்றியம் சர்க்கரைக்கு அளித்துவந்த விலை 36 விழுக்காடு குறைக்கப்பட்டு, மொரிசியஸ் போன்ற நாடுகளிடமிருந்து உறுதியான விலையில் சர்க்கரை வாங்குவதற்காக 1975 முதல் நடப்பிலிருந்த உடன்பாடும் 2009-இல் முடிவுக்கு வந்தபின், மொரிசியஸின் சிறு கரும்பு விவசாயிகளில் பலர் நிலத்தைத் தரிசாக விட்டுவிட்டு வேறு வேலை தேடிக்கொண்டனர். இளைஞர்கள் கடற்கரை ஓட்டல்களுக்கு வேலைக்குச் செல்லும் கிராமங்களில், விருந்தினரை ஊருக்கே வரவழைக்கும் சுற்றுலா ஒரு நல்ல துணைத்தொழிலாகும். ஆனால் அறையை வாடகைக்கு விடுவதால் மட்டும் ஊர் வளர்ந்துவிடாது. விருந்தினர் தரும் பணம் ஊருக்குள் எத்தனை குடும்பங்களின் கைக்குச் செல்கிறது என்பதுதான் முக்கியம்.

ஆகவே, அறைக்கு வண்ணம் பூசுவதற்கு முன்பே, ஒரு விருந்தினருக்கு ஒரு நாளில் தேவைப்படும் பொருள்களையெல்லாம் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் எங்கிருந்து வருகிறது என்று எதிரே எழுதுங்கள். அரிசி கப்பலில்தான் வருகிறது. அதை மாற்ற இயலாது. முருங்கைக்கீரை, பூசணி, வாழைக்காய், பலாக்காய், முட்டை, மீன் ஆகியவற்றையோ அக்கம்பக்கத்தாரிடமிருந்தே வாங்க முடியும். பேரங்காடியில் சற்று மலிவாகக் கிடைத்தாலும் அவர்களிடமே வாங்குவது நல்லது. பருவம் முழுவதற்கும் ஒரே விலை பேசி, பொருளைப் பெற்ற அன்றே பணத்தைக் கொடுத்துவிடுங்கள். கடன் சொல்லத் தொடங்கினால், அடுத்த முறை நல்ல காய் உங்கள் வீட்டுக்கு வராது.

வீட்டில் விருந்தினரைத் தங்கவைப்பதற்கும், கட்டணம் பெற்று உணவு பரிமாறுவதற்கும் சுற்றுலா ஆணையத்தின் உரிமம் தேவை. கட்டட வேலையைத் தொடங்குமுன் அங்கு நேரில் சென்று விதிகளைக் கேட்டறிவது வீண்செலவைத் தவிர்க்கும்.

ஓட்டல்களோடு ஒரு கிராமம் போட்டியிடக்கூடிய களம் உணவுதான். வாழையிலையில் பரிமாறும் ஏழு கறிச் சாப்பாட்டை நம் வீடுகளைப் போல ஓட்டலில் சமைக்க இயலாது. அதில் ரசத்தின் பதமும் பாயசத்தின் இனிப்பும் வீட்டுக்கு வீடு மாறும். எல்லாக் கறிகளையும் ஒரே வீட்டில் சமைக்காமல், இரண்டு மூன்று வீடுகள் பகிர்ந்து சமைத்துத் தொகையையும் பகிர்ந்துகொள்வது சிறந்த ஏற்பாடு. அந்தந்தப் பருவத்தில் விளையாததை விருந்தினர் கேட்டால், இல்லை என்று பணிவுடன் சொல்லுங்கள். மொரிசியஸைச் சேர்ந்த ரோட்ரிக்ஸ் தீவில் 2012 முதல் ஆண்டின் ஒரு பகுதியில் ஆக்டோபஸ் பிடிப்பதற்குத் தடை விதிக்கப்படுகிறது. இத்தகைய தடைக்காலத்தை விருந்தினருக்கு விளக்கிச் சொன்னால், அந்தக் கட்டுப்பாடே அவர்கள் மதிக்கும் செய்தியாகிவிடும்.

தைப்பூசக் காவடியைக் காண வருவோரை ஏற்பதாயிருந்தால், முதலில் கோயில் நிர்வாகத்தாரின் இசைவைப் பெறுங்கள். விரதமிருப்போர் வழிபாட்டுக்காக வருகிறார்கள், காட்சிக்காக அல்ல. எங்கே நிற்கலாம், எப்போது படம் எடுக்கக்கூடாது, அந்நாள்களில் வீட்டில் ஏன் சைவ உணவு மட்டுமே என்பவற்றை முன்பதிவின்போதே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். இதில் விட்டுக்கொடுத்தால் ஊரின் நம்பிக்கையை இழப்பீர்கள். அதை ஈடுசெய்யும் வருமானம் எதுவும் இல்லை.

நவம்பர் முதல் மே வரை, குறிப்பாக ஜனவரி முதல் மார்ச் வரை, புயல் வரக்கூடும் என்பதால், 1 முதல் 4 வரையுள்ள புயல் எச்சரிக்கை நிலைகளை முதல் நாளே விளக்கி, குடிநீர், டார்ச், உலர் உணவு ஆகியவற்றை ஆயத்தமாக வைத்திருங்கள். கரும்பு வெட்டு நடக்கும் ஜூன் முதல் டிசம்பர் வரையிலான காலமே வயல்வழி நடைக்கு ஏற்றது. வழிகாட்டியாக அந்த வயலில் உழைத்த மூத்தவரையே அழைத்து, அவருக்கு அன்பளிப்பாக அல்லாமல் கூலியாகப் பேசிக் கொடுங்கள்.

மாதந்தோறும் கணக்கேட்டில் இரு பத்திகள் இடுங்கள்: ஊருக்குள் கொடுத்தது, ஊருக்கு வெளியே சென்றது. முன்பதிவுத் தளத்தின் தரகையும் இரண்டாவது பத்தியில் மறவாமல் எழுதுங்கள். இரண்டாவது பத்தி பெரிதாகிக்கொண்டே போனால், புதிய அறை கட்டுவதை நிறுத்திவைத்து, துணி வெளுப்பு, விமான நிலையப் பயணம், காலை ரொட்டி ஆகிய மூன்றில் எதை ஊரார் ஒருவரிடம் ஒப்படைக்கலாம் என்று அடுத்த மாதமே முடிவு செய்யுங்கள்.